கிழக்கு ஜெர்மனியின் கான்கிரீட் வீடுகள்: தொடாதது, புதுப்பித்தது, உருமாற்றியது. எதில் குடியேறலாம்?

செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, பிளாட்டன்பாவ் வீடு ஒன்று கிடைத்திருக்கிறது, எடுக்கலாமா?" தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய வீடுதான் பிளாட்டன்பாவ். இந்த முறை கேட்டவர்கள் ஒரு தம்பதி. ஹாலே நகரத்தில் வேலை கிடைத்து, மூன்று வயதுக் குழந்தையோடு வருகிறார்கள். கையில் மூன்று விளம்பரங்கள். மூன்றும் ஹாலே-நாய்ஷ்டாட் பகுதியில், மூன்றிலும் மூன்று அறை, மூன்றும் 60 சதுர மீட்டரை ஒட்டி. வீட்டு வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் இரண்டு அப்படியே பொருந்துகின்றன, மூன்றாவதும் பாதி பொருந்துகிறது. வாடகை மட்டும் படிப்படியாக ஏறுகிறது. "ஒரே வீட்டுக்கு ஏன் மூன்று விலை?" என்று கேட்கிறார்கள்.

ஒரே அச்சில் வார்த்த வீடுகள்தான். ஆனால் 1990-இல் கிழக்கும் மேற்கும் ஒரே ஜெர்மனியான பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போய்விட்டது. சிலவற்றில் யாரும் கை வைக்கவில்லை, அல்லது ஜன்னலை மாற்றியதோடு நிறுத்திவிட்டார்கள். சிலவற்றை அடி முதல் நுனி வரை புதுப்பித்தார்கள். இன்னும் சிலவற்றில் மேல் மாடிகளைக் கழற்றி இறக்கி, வேறு கட்டடமாகவே மாற்றிவிட்டார்கள். முதல் வகையில் மூன்று குளிர்காலம் குடியிருந்தேன், இப்போது இருப்பது இரண்டாம் வகை. மூன்றாம் வகையில் நெருங்கிய நண்பர் குடும்பம் இருக்கிறது. வாடகையைப் பார்த்து வீடு எடுக்காதீர்கள், புதுப்பிக்கும் வேலை எந்த இடத்தில் நின்றது என்று பார்த்து எடுங்கள் என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கற்றது.

## இந்த வீடுகள் வந்த கதை

கதை தெரியாமல் இந்தக் கட்டடங்களைப் பார்த்தால் சாம்பல் நிறப் பெட்டிகளாகத்தான் தெரியும்.

போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் நகரங்களில் வீட்டுப் பஞ்சம். இருந்த பழைய வீடுகளிலும் நிலக்கரி அடுப்பு, படிக்கட்டுத் திருப்பத்தில் பொதுக் கழிப்பறை. நாடு சோஷலிச ஒற்றுமைக் கட்சியின் பிடியில் இருந்தது. எங்கே எத்தனை வீடு, எந்த மாதிரி, யாருக்கு என்பதையெல்லாம் மேலிருந்துதான் முடிவு செய்தார்கள். 1957-இல் ஹோயர்ஸ்வெர்டா நகரின் புதுப் பகுதியில், தொழிற்சாலையில் வார்த்த பெரிய கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து கிரேனால் அடுக்கி ஒரு நகரையே எழுப்பத் தொடங்கினார்கள். பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஷ்வார்ட்ஸே பும்பே பழுப்பு நிலக்கரி ஆலையின் தொழிலாளர்களுக்காக. 1964-இல் ஹாலே-நாய்ஷ்டாட் தொடங்கியது. அது பூனா, லோய்னா ரசாயன ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு. அந்த நாளில் அங்கே தெருக்களுக்குப் பெயரே கிடையாது, பிளாக் எண்தான் முகவரி.

1971-இல் எரிக் ஹோனெக்கர் தலைமைக்கு வந்தார். 1973-இல் கட்சி ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது: 1990-க்குள் நாட்டில் வீட்டுப் பிரச்சினையே இருக்கக் கூடாது. அதே ஆண்டில் நாய்பிராண்டன்பூர்க் நகரில் 'டபிள்யூ.பி.எஸ். 70' என்ற மாதிரியின் முதல் கட்டடம் எழுந்தது. நீங்கள் இன்று பார்க்கப்போகும் வீடு இந்த மாதிரியாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. 1988-இல் பெர்லினின் ஹோஹன்ஷொய்ன்ஹவுசன் பகுதியில் '30 லட்சமாவது வீடு' என்று ஒரு குடும்பத்திடம் சாவியைக் கொடுத்தார்கள். புதிதாகக் கட்டியது உண்மையில் 20 லட்சத்தை ஒட்டித்தான். பழைய வீடுகளைச் செப்பனிட்டதையும் கணக்கில் சேர்த்துத்தான் அந்த எண் வந்தது.

சாவி கிடைத்த குடும்பத்துக்கு அது பொய் இல்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர். நிலவறையிலிருந்து கரி சுமக்க வேண்டாம். குளியலறை வீட்டுக்குள்ளேயே. வாடகை சதுர மீட்டருக்குச் சுமார் 1 மார்க். பெர்லின் ஹெல்லர்ஸ்டோர்ஃபில் ஒரு டபிள்யூ.பி.எஸ். 70 வீட்டை அந்தக் காலத்துச் சாமான்களோடு அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மூன்று அறை, 61 சதுர மீட்டர், அன்றைய வாடகை 109 மார்க். முடிந்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கல்யாணமாகிக் குழந்தை இருந்தால்தான் வரிசையில் முன்னால் போக முடியும் என்ற நிலை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு 'வீட்டுப் புத்தகம்'. மூன்று நாளுக்கு மேல் தங்கும் விருந்தாளியின் பெயரை அதில் எழுத வேண்டும். வியட்நாம், மொசாம்பிக் நாடுகளிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களுக்கு இதே மாதிரிக் கட்டடங்களில் தங்கும் விடுதி. ஆளுக்கு 5 சதுர மீட்டர்தான் ஒப்பந்த அளவு. பணமெல்லாம் புதுக் கட்டடங்களுக்கே போனதால் பழைய நகரங்கள் மழையில் நனைந்து இடிந்தன. மக்கள் இந்த வீடுகளுக்கு வைத்த பட்டப்பெயர் 'தொழிலாளர் லாக்கர்'. ஆசையோடு வாங்கிய சாவிக்கும் அந்தப் பட்டப்பெயருக்கும் சொந்தக்காரர்கள் ஒரே ஆட்கள்தான்.

ஜெர்மனி ஒன்றான பிறகு ஆலைகள் மூடின, இளைஞர்கள் மேற்கே போனார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கே சுமார் 10 லட்சம் வீடுகள் காலி. 90,000-க்கும் மேல் மக்கள் இருந்த ஹாலே-நாய்ஷ்டாட் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. வீட்டு நிறுவனங்களின் தலையில் அந்த ஆட்சியின் கடன் வேறு. 1993-இல் வந்த சட்டம், சதுர மீட்டருக்கு 150 மார்க்குக்கு மேலான கடனை அரசு ஏற்கும், பதிலுக்கு 15 சதவீத வீடுகளைத் தனியாருக்கு மாற்ற வேண்டும் என்றது. 2002-இல் 'கிழக்கு நகர மறுகட்டமைப்பு' திட்டம் வந்து, இடிப்பதற்கும் மேம்படுத்துவதற்கும் பணம் கொடுத்தது. எந்த நிறுவனத்திடம் எப்போது பணம் இருந்ததோ அதைப் பொறுத்துத்தான் ஒரு பிளாக் பளபளவென்றும் பக்கத்து பிளாக் அப்படியேயும் நிற்கின்றன.

## எதை வைத்து அளப்பது

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது 'கால்ட்' வாடகை, அதாவது ஹீட்டர் முதலான செலவுகள் சேராத வாடகை. அதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். நான் பார்ப்பவை இவை:

- 'வார்ம்' வாடகையும் (அந்தச் செலவுகளும் சேர்ந்தது) வருடக் கணக்கும். அந்தச் செலவுகளுக்கு மாதா மாதம் கட்டுவது முன்பணம்தான். கணக்குக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் அசல் கணக்கை அனுப்பலாம். அதாவது முதல் குளிர்காலத்தின் அதிர்ச்சி அடுத்த வருடக் கடைசியில்கூட வரும்.
- வெளிச்சுவரும் ஹீட்டர் குழாயும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.
- சமையலறையும் காற்றும். தினமும் தாளித்து, சோறு வடித்து, துணியையும் உள்ளேயே காயவைக்கும் வீடுகள் நம்முடையவை.
- படியும் லிஃப்டும். அந்தக் காலத்து விதிப்படி ஐந்து அடுக்கு வரை லிஃப்ட் தேவையில்லை. அதனால்தான் எங்கு பார்த்தாலும் ஐந்தடுக்குக் கட்டடங்கள்.
- வீட்டுக்காரர் யார். நகராட்சி நிறுவனமா, கூட்டுறவுச் சங்கமா, முதலீட்டு நிறுவனமா.
- எத்தனை வருடம் இருக்கப்போகிறீர்கள். கட்டடம் எத்தனை வருடம் இருக்கப்போகிறது என்பதும் இதில் சேரும்.

அக்கம்பக்கம் எப்படி என்ற கேள்வியைக் கடைசியில் தனியாக எடுத்துக்கொள்கிறேன். அது புதுப்பிப்பைப் பொறுத்தது இல்லை.

## முதல் வகை: தொடாதது, அல்லது ஜன்னலோடு நின்றது

வாடகை குறைவு, உடனே கிடைக்கும். மாணவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது இதுதான். தரை, சுவர், கதவு எல்லாம் அப்போதையது. அறை அமைப்பு நன்றாகவே இருக்கும், கூடத்தில் தாராளமாக வெளிச்சம் வரும். டபிள்யூ.பி.எஸ். 70-இன் வெளிச்சுவர் பெரும்பாலும் மூன்று அடுக்கு: உள்ளே தாங்கும் கான்கிரீட், நடுவில் 5 சென்டிமீட்டர் அளவுக்கு வெப்பத்தடுப்பு, வெளியே மழைக்கான கான்கிரீட் தோல். அதற்கு முந்தைய மாதிரிகளில் அந்த நடு அடுக்கே இல்லாத சுவர்களும் உண்டு.

இந்த வகையில் நான் மிகவும் பயப்படுவது முழுக்கத் தொடாத வீட்டைப் பார்த்து இல்லை. ஜன்னலை மட்டும் மாற்றிவிட்டுச் சுவரை விட்டுவைத்த வீட்டைப் பார்த்துத்தான். பழைய மர ஜன்னலின் இடுக்கு வழியாக ஈரக் காற்று தானாக வெளியே போய்க்கொண்டிருந்தது. புது ஜன்னல் அதை அடைத்துவிடுகிறது. இப்போது வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் வெளிச்சுவரின் மூலையும் பலகைகள் சேரும் இணைப்பும். குக்கர் ஆவியும் ஈரத்துணியின் ஈரமும் அங்கேதான் போய்ப் படியும். ஜனவரியில் அலமாரியை நகர்த்தினால் பின்னால் கறுப்புப் பூஞ்சை. விளம்பரத்தில் 'புதிய ஜன்னல்கள்' என்று பெருமையாகப் போட்டிருந்தால், சுவருக்கு என்ன செய்தீர்கள் என்று உடனே கேளுங்கள்.

அடுத்தது ஹீட்டர் குழாய். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல கட்டடங்களில் ஒற்றைக்குழாய் முறை. மாடியிலிருந்து கீழ்வரை ஒரே குழாய் ஒவ்வொரு வீட்டின் ஹீட்டர் வழியாகவும் போகும். அந்த நாளில் திருகி அடைக்க வால்வுகூட இல்லை, சூடு அதிகமானால் ஜன்னலைத் திறப்பார்கள். பிறகு ஹீட்டர்களில் வால்வும் அளவுமானியும் பொருத்தினார்கள், குழாய் அதேதான். என் முதல் குளிர்காலத்தில் மற்ற வீடுகளைப் போலத்தான் ஹீட்டரைத் திருகி வைத்திருந்தேன். அடுத்த வருடம் வந்த கணக்கில் கூடுதலாக 700 யூரோவுக்கு மேல் கட்டச் சொல்லியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், கட்டடம் திறந்த நாளிலிருந்து அங்கேயே இருப்பவர். தாளை எடுத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் என் கையைப் பிடித்து, கூடத்து மூலையில் தரையிலிருந்து கூரைக்குப் போகும் குழாயின் மேல் வைத்தார். சுட்டது. ஹீட்டரைக் காட்டினார், அது பூஜ்யத்தில் இருந்தது. அவர் வீடு முழுக்க அந்தக் குழாயின் சூட்டிலேயே இதமாக இருந்தது, அந்தச் சூடு எந்த மானியிலும் ஏறவில்லை.

கணக்கு இப்படித்தான் கோணலாகிறது. மொத்தச் செலவில் குறைந்தது பாதி, அதிகபட்சம் 70 சதவீதம், மானி காட்டும் அளவுப்படி பிரிக்கப்படும். கட்டடத்தின் சூட்டில் பெரும்பகுதி மானியில் ஏறாமல் குழாய் வழியே போய்விட்டால், மானியில் ஏறிய சில அலகுகளின் தலையில் அந்தப் பங்கு முழுவதும் விழும். விவரம் தெரிந்தவர் ஹீட்டரைத் தொடுவதில்லை, புதிதாக வந்தவர் எல்லாருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். இதைச் சரிசெய்யவே 'வி.டி.ஐ. 2077' என்ற கணக்குமுறை இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் அதைப் பயன்படுத்துகிறார்களா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் விஷயமும் உண்டு. பலகை இணைப்புகளில் பூசிய 'மோரினோல்' என்ற பசையிலும், குழாய்ச் சந்துகளை மறைத்த 'சோகாலிட்' பலகைகளிலும் அது இருந்தது. தொடாத வரை பயமில்லை. குளியலறைக்குப் பின்னால் இருக்கும் குழாய்ச் சந்தின் பலகையை நாமே உடைப்பது, அதில் துளை போடுவது மட்டும் கூடவே கூடாது.

ஒரு நல்ல செய்தி: 2023 முதல் ஹீட்டருக்கான கார்பன் கட்டணத்தை வீட்டுக்காரரும் பங்கு போட வேண்டும். கட்டடம் எவ்வளவு மோசமோ அவர் பங்கு அவ்வளவு அதிகம், 95 சதவீதம் வரைக்கும் போகும். கணக்கில் அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

யாருக்குப் பொருந்தும்: ஒன்றிரண்டு வருடம் தங்கும் மாணவர்கள், தனியாள், நாள் முழுக்க வெளியே இருப்பவர்கள். கட்டடத்தின் நடுவில், மேலும் கீழும் பக்கங்களிலும் வீடுகள் சூழ்ந்த வீடாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஓரத்து வீடும் கடைசி மாடியும் வேண்டாம். கைக்குழந்தை இருந்தாலும் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி இருந்தால் காரணத்தைப் படியுங்கள். ஜெர்மனியில் காலவரையறை போட வீட்டுக்காரருக்குச் சட்டப்படியான காரணம் வேண்டும். இடிப்பதும் பெரிய அளவில் மாற்றிக் கட்டுவதும் அந்தக் காரணங்களில் சேரும்.

## இரண்டாம் வகை: முழுதாகப் புதுப்பித்தது

சுவருக்கு வெளியே வெப்பத்தடுப்பு, புது ஜன்னல், இரட்டைக்குழாய் ஹீட்டர், புதுத் தண்ணீர்க் குழாய், புது மின்கம்பி, பெரிதாக்கிய பால்கனி. இத்தனையும் சேர்ந்தால்தான் நான் இதை முழுப் புதுப்பிப்பு என்பேன். சுவருக்குப் போர்வை போர்த்தியதும் உள்பக்கம் சூடாகிவிடும், மூலையில் ஈரம் தங்காது. நான் வீடு மாறியபோது முதலில் கவனித்தது இதைத்தான்: கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட முடிந்தது.

இதில் செலவு வேறு பக்கத்திலிருந்து வரும். வேலை முடிந்த வீட்டில் புதிதாகக் குடியேறினால் வாடகையிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. நீங்கள் இருக்கும்போதே வேலை நடந்தால், செலவின் 8 சதவீதத்தை ஆண்டு வாடகையில் ஏற்றச் சட்டம் அனுமதிக்கிறது. ஆறு வருடத்துக்குள் சதுர மீட்டருக்கு 3 யூரோவுக்கு மேல் ஏற்ற முடியாது. வாடகை 7 யூரோவுக்குக் கீழே இருந்தால் 2 யூரோதான் உச்சம். 60 சதுர மீட்டர் வீட்டுக்கு மாதம் 120 யூரோ கூடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் செலவில் மிச்சமாவது அதை ஈடுகட்டுமா என்பது சந்தேகம்தான். ஆகவே 'விரைவில் புதுப்பிக்கப்படும்' என்ற விளம்பரத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். ஒரு கோடை முழுக்கச் சாரம், தூசி, கான்கிரீட்டைத் துளைக்கும் சத்தம். இந்தப் பலகைகளில் மூன்றாம் மாடியில் துளை போட்டால் முதல் மாடியில் பல் கூசும்.

லிஃப்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐந்தடுக்குக் கட்டடத்துக்கு வெளியே ஒட்டவைத்த லிஃப்ட் பல இடங்களில் படிக்கட்டுத் திருப்பத்தில்தான் நிற்கும். அங்கிருந்து அரை மாடி ஏறவோ இறங்கவோ வேண்டும். தள்ளுவண்டியும் குழந்தையும் கையில் இருக்கும்போது அந்தப் பாதிப் படி முழுப் படியாகத் தெரியும். ஊரிலிருந்து முட்டி வலியுள்ள அம்மா வந்து தங்கப்போகிறார் என்றால், விளம்பரத்தில் 'லிஃப்ட்' என்ற சொல்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போய் ஏறிப் பாருங்கள்.

சமையலறை பற்றி. 1960-களில் உருவான 'பி2' மாதிரியில் சமையலறை வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாமல் இருக்கும். கூடத்துக்குத் தட்டு நீட்ட ஒரு சின்னத் திறப்பு. எத்தனை முழுதாகப் புதுப்பித்தாலும் இந்த அமைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. கடுகு வெடித்து மிளகாய் வறுத்தால் அந்தத் திறப்பு வழியாகக் கூடத்துக்கும், அங்கிருந்து படுக்கையறைத் துணிகளுக்கும் வாசனை போய்ச் சேரும். டபிள்யூ.பி.எஸ். 70-இல் ஜன்னலுள்ள சமையலறைகள் உண்டு, குளியலறை மட்டும் பெரும்பாலும் உள்ளே. இரண்டுக்கும் காற்று போவது கட்டடத்துக்குப் பொதுவான குழல் வழியே. வீடு பார்க்கும்போது ஒரு டிஷ்யூ தாளை அந்தக் கம்பித் தட்டியின் மேல் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் காற்றிழுப்பு வேலை செய்கிறது. விழுந்தால் அந்த வீட்டில் சமைத்த மணம் மறுநாளும் இருக்கும். நம் சிம்னியை அந்தப் பொதுக் குழலில் அனுமதியில்லாமல் இணைக்கக் கூடாது. இணைத்தால் நம் சாம்பார் மணம் மேல்மாடிக் குளியலறையில் போய் இறங்கும்.

புதுப்பிப்பில் இழந்ததும் உண்டு, எனக்கு அதில் வருத்தம்தான். பல கட்டடங்களின் சுவர்களில் ஓடு பதித்துச் செய்த வேலைப்பாடுகள் வெப்பத்தடுப்புப் போர்வைக்குள் மறைந்துவிட்டன. ஸ்பெயினிலிருந்து ஃபிராங்கோ ஆட்சியால் துரத்தப்பட்டு, கடைசியில் கிழக்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவர் ஜோசப் ரெனாவ் என்ற ஓவியர். ஹாலே-நாய்ஷ்டாட்டின் சுவர்களில் அவர் ஓடு பதித்துச் செய்த பெரிய ஓவியம் இன்னும் நிற்கிறது. எர்ஃபுர்ட்டில் அவருடைய இன்னொரு ஓவியம் கழற்றப்பட்டு, பிறகு செப்பனிடப்பட்டு 2019-இல் மறுபடி பொருத்தப்பட்டது.

யாருக்குப் பொருந்தும்: குழந்தையுள்ள குடும்பம், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், மூன்று வருடத்துக்கு மேல் இருக்கப்போகிறவர்கள். பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான்.

## மூன்றாம் வகை: உருமாற்றியது

ஆள் இல்லாத பதினோரு மாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பல ஊர்களில் இடித்தார்கள். சில ஊர்களில் இடிப்பதற்குப் பதில் கழற்றினார்கள். அடுக்கியது கிரேன், அதனால் அதே கிரேனால் இறக்கவும் முடிந்தது. பெர்லின் மார்ட்சான் வடக்கில் 'ஆரன்ஸ்ஃபெல்டர் டெராசன்' என்ற பகுதியில் 11 மாடிக் கட்டடங்களை 3 முதல் 6 மாடியாகக் குறைத்து, படிப்படியான மொட்டைமாடிகளோடு மாற்றினார்கள். துரிங்கியா மாநிலத்தில் பஞ்சு நூற்பாலையை நம்பி வளர்ந்த லைனஃபெல்டே என்ற சிற்றூரில், 180 மீட்டர் நீளக் கட்டடத்தின் நடுநடுவே பகுதிகளை எடுத்துவிட்டு, எட்டுத் தனிக் கட்டடங்களாகப் பிரித்தார் கட்டடக் கலைஞர் ஸ்டெஃபான் ஃபோர்ஸ்டர். அந்த ஊருக்கு 2007-இல் உலக வாழிட விருது கிடைத்தது. ஹாலே-நாய்ஷ்டாட்டின் ஓலியாண்டர்வேக் தெருவிலும் அவர் கைவேலை இருக்கிறது: ஒரே மாதிரி வீடுகளாக இருந்த நீண்ட கட்டடம், இப்போது பல அளவு வீடுகளாக, தரைத்தள வீடுகளுக்குத் தனித் தோட்டத்தோடு. கோட்பூஸில் 11 மாடிக் கட்டடத்திலிருந்து இறக்கிய பலகைகளை வைத்தே சிறு குடியிருப்புகள் கட்டினார்கள்.

என் நண்பர் வீட்டில் போய் உட்கார்ந்தால் பிளாட்டன்பாவ் என்றே தோன்றாது. இரண்டு பழைய அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தால் தாங்கும் சுவரின் தடிமன் தெரியும். அந்தச் சுவர்களை வெட்ட வலுக்கணக்கு போட வேண்டும், பணம் வேண்டும். அதனால் வாடகை புதுக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கிடைப்பதும் அரிது.

இதன் மறைவான செலவை வாடகைத் தாளில் பார்க்க முடியாது. ஊர் சுருங்கிய இடத்தில்தான் மாடியைக் குறைத்தார்கள். ஆகவே பள்ளி, மருத்துவர், கடை, பேருந்து எல்லாமே குறைந்திருக்கலாம். கார் இல்லாத குடும்பம் என்றால் டிராம் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று பாருங்கள். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். மாடிகளைக் கழற்றும் முன் அங்கே இருந்த குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பல பத்தாண்டு அக்கம்பக்கம் அப்போது கலைந்தது. பழைய குடிகளிடம் அந்தக் கட்டடத்தைப் புகழும்போது சிலர் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன்.

யாருக்குப் பொருந்தும்: நிலையாகத் தங்க முடிவு செய்தவர்கள், பெற்றோரையும் அழைத்துவர நினைப்பவர்கள், தோட்டமோ படியில்லாத வாசலோ வேண்டுபவர்கள்.

## ஒரே பார்வையில்

| | தொடாதது / அரைகுறை | முழுப் புதுப்பிப்பு | உருமாற்றம் |
|---|---|---|---|
| கால்ட் வாடகை | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| ஹீட்டர் கணக்கு | எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது | ஓரளவு கணிக்கலாம் | ஓரளவு கணிக்கலாம் |
| பூஞ்சை | ஜன்னல் மட்டும் மாறியிருந்தால் அதிகம் | குறைவு, காற்றோட்டம் நம் கையில் | குறைவு |
| சமையல் | மாதிரியைப் பொறுத்தது | மாதிரியைப் பொறுத்தது | பெரும்பாலும் நல்லது |
| படி | ஐந்தடுக்கில் லிஃப்ட் இல்லை | அரை மாடிச் சிக்கல் பாருங்கள் | பெரும்பாலும் எளிது |
| மறைவான செலவு | ஒற்றைக்குழாய், வரப்போகும் வாடகை ஏற்றம் | புதுப்பிப்புக் கட்டணம் | தூரம், சுருங்கிய வசதிகள் |
| தங்கும் காலம் | 1–2 வருடம் | 3 வருடம் முதல் | நீண்ட காலம் |

## வீட்டுக்காரர் யார் என்பதும் ஒரு தேர்வு

கூட்டுறவுச் சங்கங்கள் அந்த ஆட்சிக் காலத்திலேயே இருந்தவை. அன்று உறுப்பினர்கள் பங்குப்பணம் கட்டினார்கள், கட்டுமானத்தில் உடலுழைப்பும் கொடுத்தார்கள். இன்றும் பல சங்கங்கள் நல்ல வீட்டுக்காரர்கள். ஆனால் பங்கு வாங்க வேண்டும். வீட்டைக் காலி செய்ததும் அந்தப் பணம் கைக்கு வராது. கணக்கு ஆண்டு முடிந்து, அந்த ஆண்டுக் கணக்கும் நிறைவேறிய பிறகுதான் வரும். இரண்டே வருடம் இருந்து ஊர் திரும்பும் மாணவருக்கு இது தொல்லை.

நகராட்சி நிறுவனங்கள் பொதுவாக நிதானமானவை. சில நகரங்கள் அவற்றை விற்றுவிட்டன. டிரெஸ்டன் 2006-இல் தன் 48,000-த்தை ஒட்டிய வீடுகள் அத்தனையையும் ஒரு அமெரிக்க முதலீட்டாளரிடம் விற்றுக் கடனை அடைத்தது. முதலீட்டு நிறுவனம் வீட்டுக்காரராக இருந்தால், வருடக் கணக்கை வரி வரியாகப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். வாடகைதாரர் சங்கத்தில் சேருவது அந்தப் பணத்துக்குத் தகும். வைப்புத்தொகை யாரானாலும் மூன்று மாதக் கால்ட் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையில் கட்டலாம்.

## அக்கம்பக்கம்

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்பது இதுதான். 1991-இல் ஹோயர்ஸ்வெர்டாவிலும், 1992-இல் ரோஸ்டாக்கின் லிஷ்டன்ஹாகனிலும் வெளிநாட்டவர் இருந்த கட்டடங்களைக் கூட்டமாக வந்து தாக்கினார்கள். ரோஸ்டாக்கில் சூரியகாந்தி ஓவியம் போட்ட அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தபோது உள்ளே வியட்நாம் குடும்பங்கள் இருந்தன. அந்தக் கட்டடமும் இதே மாதிரிப் பலகைக் கட்டடம். இதை மறைத்துவிட்டு வீட்டைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

அன்றிலிருந்து இன்றைக்கு நிறைய மாறியிருக்கிறது, தெருவுக்குத் தெரு வேறுபாடும் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த வியட்நாம் மக்களில் பலர் இங்கேயே நிலைத்து, பெர்லின் லிஷ்டன்பெர்க்கில் டோங் சுவான் சந்தையையே உருவாக்கியிருக்கிறார்கள். பச்சை மிளகாய்க்கும் வெண்டைக்காய்க்கும் நாம் போவதும் இப்படிப்பட்ட கடைகளுக்குத்தான். லைப்ஸிக் நகரின் குரூனாவ் பகுதியில் 1979 முதல் குடியிருப்போரிடம் ஓர் ஆய்வு திரும்பத் திரும்ப நடந்துவருகிறது. வெளியில் இருப்பவர்கள் அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்வதைவிட அங்கே குடியிருப்பவர்கள் நல்லதாகவே சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். செய்ய வேண்டியது ஒன்று: வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு டிராம் நிறுத்தத்திலிருந்து அந்த வாசல் வரை நடந்து பாருங்கள். வாசலில் அழைப்புமணிப் பெயர்களைப் படியுங்கள். நம்மைப் போன்ற வெளியூர்ப் பெயர்கள் பல வருடமாக இருந்து மங்கிப்போயிருந்தால் அது நல்ல அறிகுறி.

## அந்தத் தம்பதிக்குச் சொன்னது

அவர்களுடைய மூன்று விளம்பரங்களில் முதலாவது நாலாவது மாடி, ஓரத்து வீடு, 'புதிய ஜன்னல்கள்'. சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டடம் எவ்வளவு ஆற்றல் விழுங்குகிறது என்று காட்டும் ஆற்றல் சான்றிதழைக் கேட்கச் சொன்னேன், வீடு காட்டும்போது அதைக் காட்டியே ஆக வேண்டும். மூன்றாவது அழகான வீடு, தரைத்தளம், தோட்டம். ஆனால் வேலைக்குப் போக இரண்டு டிராம் மாற வேண்டும், கிண்டர்கார்டனில் இடம் கிடைத்தது வேறு பகுதியில். இரண்டாவது, முழுதாகப் புதுப்பித்த கட்டடத்தில் இரண்டாவது மாடி, நகராட்சி நிறுவனத்துடையது, சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறது. அதையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்துத் தங்குவது உறுதியானால் மூன்றாவது மாதிரி வீட்டைத் தேடலாம்.

சனிக்கிழமை பார்க்கப் போகிறார்கள். ஒரு டிஷ்யூ தாளும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கூடத்து மூலையில் குழாய் தெரிந்தால் கையை வைத்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன்.